வலது இடுப்பில் ஒரு கறுப்புச் சதுரம்

அண்ணாச்சி,

நேற்று மத்தியானம் ஆபீஸ் உறை ஒன்றுக்குள் உங்கள் உடம்பு வந்தது. பழுப்பு உறை, மேலே சிவப்பு மையில் ரகசியம் என்று முத்திரை, உள்ளே மூன்று தாள். மூன்றாவது தாளில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, கால்களை அகட்டி, சாம்பல் நிறத்தில், முகம் இல்லாமல். முகத்தை அழித்துவிட்டுத்தான் நம் மிஷின் படம் காட்டும். ஆள் யாரென்று தெரியக் கூடாது என்பது விதி. எனக்குத் தெரியாதா? இடது தோள் ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கிறது. தொப்பை கொஞ்சம் வலது பக்கமாகச் சரிந்திருக்கிறது. பதினோரு வருஷம் அந்த உடம்பைத் திரையில் பார்த்தவள் நான். "எங்க வீட்டுக்காரிக்கு அடுத்தாப்புல என்னைய முழுசாப் பாத்தவ நீதாம்மா" என்று லேப் நடுவில் நின்று கேலி செய்வீர்கள். சுற்றி இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

படத்தில் வலது இடுப்பின் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சதுரம் இருக்கிறது. அது நான் போட்டது.

முதல் தாள் டைரக்டர் அலுவலகத்திலிருந்து எனக்கு எழுதிய கடிதம். மிஷினில் கண்ட குறை, மறைந்த அதிகாரி ஒருவர் (நீங்கள்தான்) தாமாகச் செய்த பிழை, இப்போது பணியில் இருக்கும் எவருக்கும் அதில் பங்கில்லை, இதை உறுதி செய்து கையெழுத்திட்டு அனுப்பவும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி வேறு. முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டுப் பழகியவளுக்கு இடம் தெரியாமல் போய்விடுமாம்.

இரண்டாவது தாள் நீங்கள் அன்று டைரக்டருக்கு எழுதிய குறிப்பின் நகல். அதை நான் நேற்றுத்தான் முதல்முறையாகப் படித்தேன். படித்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யார் மேல் என்று கேட்காதீர்கள். நிறையப் பேர் மேல். வரிசையில் முதலில் நிற்பவர் நீங்கள்தான்.

யார் உங்களை அப்படி எழுதச் சொன்னது?

உங்களுக்கு மறந்திருக்காது, இருந்தாலும் ஆரம்பத்திலிருந்து சொல்லித் தீர்க்கிறேன். நமக்குக் கொடுத்த வேலை நல்ல வேலைதான். வாசலில் வருகிறவர்களைத் தொடாமல், துணியைக் கழற்றச் சொல்லாமல், உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் கதவு. மைக்ரோவேவ் அலைக்குத் துணி ஒரு பொருட்டே இல்லை. பருத்தியோ கம்பளியோ தாண்டிப் போய்விடும். தோலில் பட்டால் திரும்பும், இரும்பில் பட்டால் இன்னும் பலமாகத் திரும்பும். திரும்பி வருவதைக் கூட்டிப் பெருக்கினால் திரையில் ஓர் உருவம் எழும், அதன் மேல் கத்தியோ துப்பாக்கியோ வெள்ளையாக மினுங்கும். பெண் போலீஸ்காரி திரைமறைவில் கையால் தடவிப் பார்க்கும்போது ஒரு பெண் எப்படிக் குறுகி நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தடவல் ஒழியட்டும் என்றுதான் நான் அந்த வேலையில் சேர்ந்தேன். நீங்கள் சேர்ந்த காரணம் வேறு. "வேற சீட்டு காலி இல்லம்மா" என்றீர்கள்.

மிஷினுக்கு முதலில் ஒன்றும் ஒளிக்காத உடம்பு எப்படி இருக்கும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். நூற்றுக்கணக்கான முறை நிற்க வேண்டும். கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் ஆளாளுக்கு ஒரு காரணம். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை பிறக்கவில்லை, வீட்டில் கேட்டால் திட்டுவார்கள். போன் பேசுவதைவிடக் குறைந்த அலைதான் என்று சொன்னாலும் கேட்கவில்லை. நான் ஒருமுறை நின்றேன். கிறிஸ்துமஸ் சாப்பாடு நடந்த அன்று பட்டுச் சேலையோடு போய் நின்றுவிட்டேன். ஜரிகை முழுக்க அலையைத் திருப்பியடித்து, திரை முழுவதும் வெள்ளையாக எரிந்தது. "ஏ தங்கச்சி, நீ மனுசியா, ட்யூப்லைட்டா?" என்று சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு நீங்கள் ஏறி நின்றீர்கள். அன்று ஏறியவர்தான். அதற்குப் பிறகு வேறு யாரையும் கூப்பிட வேண்டிய அவசியம் வரவில்லை. பெல்ட், வாட்ச், பர்ஸ், கண்ணாடி எல்லாம் ஒரு டிரேயில். நீங்கள் மட்டும் கதவுக்குள்.

இரண்டாம் நாள் திரையில் அந்தப் புள்ளியைப் பார்த்தேன். வலது இடுப்பில் சுண்டுவிரலின் ஒரு கணு அளவுக்குப் பளிச்சென்று ஒரு வெள்ளை. பக்கத்தில் இருந்த பையன்கள் எட்டிப் பார்த்து, "மேடம், யே க்யா ஹை?" என்று கேட்டார்கள், இது என்னவென்று. ஒருவன் கதவின் திருகாணி என்றான். இன்னொருவன் மென்பொருள் கோளாறு என்றான். எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நாகர்கோவிலில் எங்கள் வீட்டிலேயே என் தம்பி அரைஞாண் கயிறு கட்டி வளர்ந்தவன். வேதக்காரப் பிள்ளைக்கு இது எதற்கு என்று போதகர் கேட்ட பிறகுதான் அறுத்தார்கள்.

பையன்கள் டீக்குப் போன பிறகு நான் மெதுவாகக் கேட்டேன். "அண்ணாச்சி, அரைஞாண்ல வெள்ளி ஏதும் கெடக்கா?"

உங்கள் முகம் சிவந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "தாயத்தும்மா. சின்னப் புள்ளயில வலிப்பு வரும்னு எங்கம்மா கட்டுனது" என்றீர்கள். "இத நான் கழட்ட மாட்டேன் பாத்துக்கிடு. செத்த பொறவு அறுப்பாவ."

பி.எச்.டி. முடித்த ஒருவர், பேண்ட்டுக்குள் கறுப்புக் கயிறும் தாயத்தும். ஏற்கெனவே நம் இருவருக்கும் இட்லி, சாம்பார், மதராசி என்று ஆயிரம் பெயர் அந்த லேபில். இதுவும் தெரிந்தால் உங்களை விடுவார்களா? உங்களைக் கழற்றச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அதனால் நான்கு வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். கயிறு நகரும், அதனால் இந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் சதுரத்துக்குள் எது தெரிந்தாலும் கண்டுகொள்ளாதே. திரையில் அந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம் விழுந்தது. பையன்கள் திரும்பி வந்து, கோளாறு சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். நீங்கள் அன்று சாயங்காலம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து எனக்கு அரைக் கிலோ நேந்திரங்காய் வற்றல் வாங்கி வந்தீர்கள். நன்றி சொல்லவில்லை. மேஜையில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

உங்கள் படங்களுக்கு மட்டும் என்று எழுதியதுதான் அது. கடைசிப் பதிப்பைச் சேர்க்கும்போது எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு மேலிடத்திலிருந்து திறப்பு விழாவுக்குத் தேதி வந்தது, அவசரம் வந்தது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூடப் போகாமல் கோர்த்துக் கட்டினோம். அந்த நான்கு வரியும் உள்ளேயே போய்விட்டது. உங்களுக்கென்று இருந்த சதுரம் ஊரில் எல்லாருடைய வலது இடுப்பிலும் உட்கார்ந்துகொண்டது. மிஷின் பரிசோதனையில் தேறியது. சான்றிதழ் வந்தது. சோதித்தவர்கள் மார்பில் வைத்தார்கள், முதுகில் வைத்தார்கள், காலுறையில் வைத்தார்கள். அவர்கள் கெட்ட நேரம், நம் கெட்ட நேரம், வலது இடுப்பில் வைக்கவே இல்லை.

பீரோ சாவி தொலைந்த அன்றுதான் தெரிந்தது. லேபைத் தலைகீழாகப் புரட்டினீர்கள். என் கைப்பையைக் கூடக் கொட்டினீர்கள். நடுவில் இரண்டு முறை மிஷின் கதவு வழியாகவே அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தீர்கள். இரண்டு முறையும் பச்சை. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தபோது இடுப்பில் குத்தியது. சாவியை அரைஞாண் கயிற்றில் சொருகி வைத்திருந்தீர்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. கையில் சாவியைப் பிடித்துக்கொண்டு பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"என்னம்மா, இம்மாம் பெரிய சாவி. பச்சையில்லா காட்டுது."

என் சிரிப்பு நின்றுபோனது. நான் ஸ்கேலை எடுத்து வலது இடுப்பில் சொருகிக்கொண்டு போனேன். பச்சை. கத்தரிக்கோல். பச்சை. இடது பக்கம் மாற்றினால் சிவப்பு. நான் அழ ஆரம்பித்ததும், "அழாத. நான் போய்ச் சொல்லுதேன். நீ உன் சீட்டுல இரு" என்றீர்கள்.

டைரக்டர் என்ன சொன்னார் என்பதை நீங்கள் வந்து சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சோட்டீ ஸீ பாத் ஹை, சின்ன விஷயம், சின்னச் சதுரம்தானே, இப்போது கை வைத்தால் சான்றிதழ் ரத்தாகும், எல்லாச் சோதனையும் முதலிலிருந்து வரும், திறப்பு விழா முடியட்டும்." சின்னச் சதுரம். தாளில்தான் தீப்பெட்டி அளவு, ஆளின் இடுப்பில் ஒரு சாண், அதற்குள் ஒரு கத்தி தாராளமாகப் படுத்துக்கொள்ளும். நீங்கள் எழுத்தில் கொடுத்தீர்கள். திறப்பு விழா முடிந்தது, பட்டாசு மட்டும்தான் இல்லை. மறுபடி போய்க் கேட்டீர்கள். உங்களை ஸ்டோருக்கு மாற்றினார்கள். பழைய மானிட்டர்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் நீங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "குறிப்பில என்ன எழுதுனீங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன். "உள்ளதத்தான் எழுதுனேன்" என்றீர்கள்.

பொய். எவ்வளவு பெரிய பொய். "இந்தத் திருத்தத்தை எழுதியதும், எடுக்க மறந்ததும் நான். சக அதிகாரிக்கு இது தெரியாது." கீழே உங்கள் கையெழுத்து. அந்தச் சக அதிகாரி நான். எனக்குத் தெரியாதாம்!

நீங்கள் உள்ளதை எழுதியிருந்தால் இரண்டு பேராக அந்த அறைக்குள் போயிருப்போம். இரண்டு பேரை ஸ்டோருக்குத் தள்ளுவது அவ்வளவு சுலபம் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? தங்கச்சி, தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டால் போதுமா? என் தப்பை என்னிடமிருந்து பிடுங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ள உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? நானும் இன்னொரு முறை கேட்கவில்லை. உள்ளதை எழுதினேன் என்றதும், அப்பாடா என்று என் சீட்டுக்குப் போய்விட்டேன். எல்லாரையும்விட என் மேல்தான் எனக்கு அருவருப்பு. ஆனாலும் நீங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது, அண்ணாச்சி.

ஜனவரிப் பனியில் காலையில் பால் பூத்துக்குப் போனவர், வரிசையில் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தீர்கள், பிறகு எழவில்லை. இரங்கல் கூட்டத்தில் டைரக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சத்தம் போடாமல் வேலை செய்தவர் என்றார். சத்தம் போட்டவரைத்தான் ஸ்டோரில் போட்டார் என்று எழுந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கையில் சமோசாத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

பதினாறாம் நாள் கழிந்து ஆர்.கே.புரத்தில் உங்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனபோது உங்கள் வீட்டு அக்கா என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவிலேயே நின்றுகொண்டு, ஒரு மாத்திரை டப்பாவை நீட்டினார். உள்ளே உங்கள் வெள்ளித் தாயத்து. அறுத்த கயிற்றின் நுனி அப்படியே இருந்தது. "இந்தா, நீயே வச்சுக்க. இத மறைக்கப் போயித்தானே அவுகள ஸ்டோர்ல போட்டாவ. ராத்திரிப் பூரா பொலம்புவாவ. எவனாது கத்தியோட போயிட்டாம்னா என்ன செய்யன்னு" என்றார். நான் வாங்கிக்கொண்டு வந்தேன். அக்காவுக்கு உண்மை முழுதும் தெரியுமா, பாதி தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கத்தியோடு யாரும் போகவில்லை. போன மாதம் ஓர் எலெக்ட்ரீஷியன் போனார். பெரிய மனிதர்கள் கூடும் ஓர் அரங்கத்தில் ஏ.சி. ரிப்பேர் செய்ய வந்தவர். அவசரத்தில் ஸ்க்ரூ டிரைவரை வலது இடுப்பில் சொருகியபடி நம் கதவைத் தாண்டினார். பச்சை. உள்ளே போய், மேடைக்குப் பக்கத்தில் அதை உருவியபோது நான்கு பேர் அவர் மேல் பாய்ந்தார்கள். கை எலும்பு முறிந்தது. அந்த மனிதர் செய்த குற்றம் வேலைக்கு வந்தது ஒன்றுதான். அந்த எலும்பு என் கணக்கு, அண்ணாச்சி, உங்கள் கணக்கு இல்லை. இப்போது விசாரணை. வெளியிலிருந்து மூன்று பேர் கமிட்டி. செத்தவர் தலையில் கட்டிவிட்டால் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறார் என்று உறையைத் தயார் செய்துவிட்டார்கள். நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

டைரக்டர் இன்று காலை என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்தார். ரிடயர் ஆக எவ்வளவு நாள் பாக்கி என்று விசாரித்தார். "அவரே ஒப்புக்கொண்டது, மேடம். ஆப் க்யோன் பரேஷான் ஹோதீ ஹைன்?" என்றார். நான் ஏன் சங்கடப்படுகிறேனாம். பேனாவையும் அவரே எடுத்து நீட்டினார். நாளை தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

*

இதை இங்கே நிறுத்தியவள், ஒன்றரை மாதம் கழித்து மறுபடி எடுக்கிறேன்.

கடிதத்தில் பென்சில் குறி இருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்குக் கீழே, திருத்தத்தை எழுதியவள் நான், எடுக்க மறந்தவளும் நான், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தவளும் நான் என்று மூன்று வரி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். டைரக்டர் அலுவலகத்தில் கொடுத்தால் அதுவும் ஸ்டோருக்குப் போகும். அதனால் கமிட்டி மிஷினைப் பார்க்க லேபுக்கு வந்த அன்று நேராக அவர்கள் கையில் கொடுத்தேன்.

கமிட்டித் தலைவி ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. இரண்டு முறை படித்தார். உங்கள் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இரண்டு பேரும் நானே என்கிறீர்கள். யாரை நம்புவது?" என்று ஹிந்தியில் கேட்டார். பக்கத்தில் இருந்த டைரக்டர், இறந்தவர் மேல் உள்ள பாசத்தில் மேடம் இப்படிப் பேசுகிறார்கள் என்று குழைந்தார். எனக்கு அந்தக் குழைவைக் கேட்டதும் வந்ததே ஒரு கோபம். செருப்பைக் கழற்றினேன். வாட்ச், வளையல், கண்ணாடி எல்லாவற்றையும் டிரேயில் போட்டேன். கதவுக்குள் போய்க் கையைத் தூக்கினேன். பச்சை எரிந்தது. வெளியே வந்து சேலைக் கொசுவத்துக்குப் பக்கத்தில் வலது இடுப்பில் சொருகியிருந்த உங்கள் தாயத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"இதை மறைக்கத்தான் அந்தச் சதுரம். இது எந்த இடத்தில் எவ்வளவு தெரியும் என்று திரையில் பார்த்தவளுக்குத்தான் தெரியும். கதவுக்குள் கையைத் தூக்கி நின்றவருக்குத் திரை தெரியாது. அந்த நான்கு வரியை இப்போதே மனப்பாடமாக எழுதிக் காட்டவா?" என்றேன். தலைவி ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். எழுதினேன். ஒரு கமா கூடத் தப்பவில்லை. டைரக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? வேறு ஊருக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். போகும்போது அவருக்கும் ஒரு பிரிவு உபசாரம், அதே சமோசா. நான் போகவில்லை.

எனக்கு மெமோ வந்தது. லேபிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். உங்கள் ஸ்டூல் இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஒரு கால் ஆடுகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் உட்கார்ந்த முதல் நாளும் உங்களைத் திட்டினேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மலை மந்திர் கோயிலுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தவர், கேட்டுவிட்டு என்னையும் கூட நடத்திப் போனார். கோயில் படியடியில், "செருப்பப் பாத்துக்க, நான் மேல போயிட்டு வாரேன்" என்றார். படிக்குக் கீழே ஒரு மணி நேரம் அக்காவின் செருப்புக்குக் காவல் இருந்தேன். இறங்கி வந்தபோது தாயத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா வாங்கவில்லை.

எல்லா மிஷினிலும் அந்த நான்கு வரியை எடுத்துவிட்டார்கள். நம் ஆபீஸ் வாசலிலும் ஒன்று நிற்கிறது. தாயத்தை ஓர் ஊக்கில் கோர்த்து உள்பாவாடை நாடாவில், வலது பக்கம் குத்தி வைத்திருக்கிறேன். வேதக்காரிக்கு இது எதற்கு என்று போதகர் கேட்டால் கேட்கட்டும். செத்த பொறவு எடுத்துக்கிடட்டும். காலையில் கதவுக்குள் நின்று கையைத் தூக்குகிறேன். சிவப்பு எரிகிறது, அலறுகிறது, பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. காவலுக்கு நிற்கும் ஹரியானாப் பெண், "மேடம்ஜி, ஆஜ் பீ?", இன்றுமா என்று அலுத்துக்கொண்டே வருகிறாள். எடுத்துக் காட்டுகிறேன், போகச் சொல்கிறாள்.

இன்றும் நிறுத்தினாள், அண்ணாச்சி. வலது இடுப்பு என்று சரியாகச் சொன்னது மிஷின்.